கதவடைத்தவர்கள் கூட்டக் கணக்குக் கேட்கிறார்கள்!

பெண்கள் ஆடும் கால்பந்தாட்டத்துக்குக் கூட்டம் வருவதில்லையாம்! ஆண்கள் ஆடினால் ஊரே திரள்கிறதாம். பெண்கள் ஆடினால் காக்கையும் குருவியும்தான் பார்க்கின்றனவாம்! ஆகவே ஆண்கள் ஆடுவதுதான் ஆட்டமாம், பெண்கள் ஆடுவது வெறும் வேடிக்கையாம்! தேநீர்க் கடைப் பெஞ்சிலே தொடங்கி, தொலைக்காட்சி நிலையத்து மேசை வரையிலே வீற்றிருக்கும் நீதிபதிகள் பலர் இப்படித் தீர்ப்பு வழங்கிவருகிறார்கள்.

தீர்ப்பு இருக்கட்டும். சாட்சியை விசாரித்தார்களா? வழக்கின் பழைய கட்டை அவிழ்த்துப் பார்த்தார்களா? இல்லை. அதனால் நாம் ஒரு சாட்சியை அழைக்கிறோம். அந்தச் சாட்சி இன்று உயிரோடு இல்லை; 1978-ஆம் ஆண்டிலேயே கண்மூடிவிட்டார். ஆனால் அவருடைய வாழ்க்கை பேசுகிறது. அரண்மனையிலே பிறந்தவர் அல்லர். கண்ணாடித் தொழிற்சாலைக் கூலியின் மகள். பல்கலைக் கழகம் கண்டவர் அல்லர்; பதினைந்து வயது நிரம்புமுன் ஆலை வாயிலை மிதித்தவர். அவர் பெயர் லில்லி பார்.

இங்கிலாந்து நாட்டின் இலங்காஷயர் வட்டாரம் புகைபோக்கிகள் நிறைந்த பூமி. ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, ஆலைச் சங்கு ஊதினால் படுக்கும் மக்கள். அங்கே செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊர், கண்ணாடிக்கும் நிலக்கரிக்கும் பேர்போனது. அந்த ஊரில் 1905 ஏப்ரல் 26-இல் லில்லி பிறந்தாள். ஏழு குழந்தைகளில் ஒருத்தி. குடும்பமோ பெரிது, கூலியோ சிறிது. பெண் பிள்ளை என்றால் தையல் ஊசியைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைப்பது அந்த நாட்டிலும் வழக்கந்தான். லில்லிக்கு மூலை பிடிக்கவில்லை, தெருதான் பிடித்தது. அண்ணன்மார்களோடு சேர்ந்து திறந்த வெளியிலே பந்தை உதைத்தாள். இரக்பி ஆட்டமும் ஆடினாள். பையன்களுக்குச் சமமாக ஓடினாள். பையன்களைவிட வலுவாக உதைத்தாள். இடது காலில் அவளுக்கு அப்படி ஒரு வலிமை!

அவள் தெருவிலே பந்து உதைத்த அந்தக் காலம், ஐரோப்பா தீப்பற்றி எரிந்த காலம். 1914-இல் மூண்ட போர், ஆண்களை இலட்சக் கணக்கிலே களத்துக்கு அழைத்துச் சென்றது. ஆலைகளில் ஆள் இல்லை. அதுவரை அடுப்படியே உன் உலகம் என்று பெண்ணுக்கு உபதேசம் செய்தவர்கள், ஒரே நாளில் உபதேசத்தை மாற்றிக்கொண்டார்கள். வா, இயந்திரத்தைப் பிடி, பீரங்கிக் குண்டைத் தூக்கு என்றார்கள். பெண்கள் வந்தார்கள், பிடித்தார்கள், தூக்கினார்கள். வெடிமருந்து நிரப்பிய பெண்களின் தோல் மஞ்சளாகிப் போயிற்று. அப்போது எந்த மருத்துவரும், எந்தச் சீமானும், பெண்ணின் உடல் மென்மையானது, இந்த வேலை ஆகாது என்று கண்ணீர் வடிக்கவில்லை. இதை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள் தோழர்களே; பின்னால் தேவைப்படும்.

பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்றொரு தொழிற்சாலை. டிராம் வண்டிகளும் இரயில் தளவாடங்களும் செய்துகொண்டிருந்த ஆலை, போரின்போது குண்டுகள் செய்யும் ஆலையாயிற்று. அங்கே வேலை செய்த பெண்கள், உணவு இடைவேளையில் ஆலை முற்றத்திலே பந்து உதைத்தார்கள். 1917-இல் ஆலைப் பயிலாளர்களான பையன்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கேலி செய்தார்கள். கேலி வளர்ந்து பந்தயமாயிற்று. கிரேஸ் சிப்பர்ட் என்ற தொழிலாளிப் பெண் முன்னின்று அணி திரட்டினார். அலுவலகச் சன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆல்பிரட் பிராங்க்லண்ட் என்ற ஊழியருக்கு ஒரு யோசனை பிறந்தது. இவர்களை ஊரறிய ஆட வைத்தால் என்ன?

1917 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். பிரஸ்டன் நகரத்து ஆண்கள் கழகத்தின் டீப்டேல் மைதானம். டிக் கெர் மாதர் அணியும் இன்னொரு பட்டறையின் மாதர் அணியும் மோதின. பார்க்க வந்தவர்கள் 10,000 பேர்! வசூலான பணம் காயம்பட்ட போர்வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது. கூட்டம் வராது என்கிறார்களே, அவர்களுக்கு முதல் ஆட்டமே விடை சொல்லிவிட்டது.

டிக் கெர் அணி பின்னர் செயின்ட் ஹெலன்ஸ் மாதர் அணியோடு மோதியது. அந்த அணியிலே உயரமான, கருங்கூந்தல் கொண்ட ஒரு சிறுமியின் ஆட்டம் பிராங்க்லண்டின் கண்ணைப் பறித்தது. அவள்தான் லில்லி. வயது 14. ஆலையிலே வேலை, தங்க இடம், ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் படி என்று பேசி அழைத்துவந்தார்கள். அதற்கு மேல் உட்பைன் சிகரெட்டும் கேட்டு வாங்கினாள் என்று ஒரு கதை உண்டு. ஆலைத் தெருவிலே வளர்ந்த பிள்ளை. அதன் பழக்கமும் ஒட்டியிருந்தது. அதை மறைப்பானேன்? முதல் பருவத்திலேயே 43 கோல்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கணக்குத் தருகிறார்கள். ஆண் காவலன் ஒருவன் இவர் உதைத்த பந்தைத் தடுக்கப்போய்க் கை முறிந்தான் என்றுகூடச் சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், பலமில்லாத காலைச் சுற்றி இப்படிக் கதை பிறப்பதில்லையே!

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். 1920 டிசம்பர் 26. லிவர்பூல் நகரம். எவர்ட்டன் கழகத்தின் குடிசன் பார்க் மைதானம். ஒரு பக்கம் டிக் கெர் மாதர். மறு பக்கம் செயின்ட் ஹெலன்ஸ் மாதர். லில்லி தன் சொந்த ஊர் அணியை எதிர்த்து நிற்கிறார். உள்ளே 53,000 பேர்! இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் பல ஆயிரம்! அணியின் முன்வரிசை நட்சத்திரம் புளோரி ரெட்போர்டு இரயிலைத் தவறவிட்டார். அணித் தலைவி ஆலிஸ் கெல் பின்வரிசையை விட்டு முன்வரிசைக்கு வந்து, இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள் போட்டார். நான்குக்குப் பூஜ்யம் என்று டிக் கெர் வென்றது. அறச்செயலுக்காக வசூலானது 3,000 பவுனுக்கும் மேல்.

இங்கே ஒரு வாதக்காரர் எழுந்து நிற்பார். போர்க்காலத்தில் ஆண்கள் லீக் ஆட்டம் நின்றுபோயிருந்தது. வேறு வழியில்லாமல் பெண்கள் ஆட்டத்துக்குப் போனார்கள் என்பார். ஐயா, அமருங்கள்! ஆண்கள் லீக் ஆட்டங்கள் 1919-இலேயே மீண்டும் தொடங்கிவிட்டன. 53,000 பேர் திரண்டதோ 1920-இன் கடைசி வாரத்தில். ஆண்கள் ஆட்டமும் இருந்தது, பெண்கள் ஆட்டமும் இருந்தது. இரண்டையும் கண்ட மக்கள் இதற்கும் வந்தார்கள். 1921-ஆம் ஆண்டில் டிக் கெர் அணி 67 ஆட்டங்கள் ஆடியது; பார்த்தவர்கள் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் என்று கணக்கு. நாடெங்கும் சுமார் 150 மாதர் அணிகள் கிளம்பிவிட்டன. அத்தனை பெண்களும் பகலெல்லாம் பாடுபட்டு, மிச்சப் பொழுதிலே பந்தாடியவர்கள். வேடிக்கை பார்க்க ஒரு முறை வருவார்கள். ஆண்டு முழுதும் வருவார்களா?

அதே 1921-இல் இன்னொன்று நடந்தது. பாட்டாளித் தோழர்கள் அறிய வேண்டியது. அந்த ஏப்ரலில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். குறைந்த கூலிக்கு உடன்படாத தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவை அடைத்தார்கள். மூன்று மாதம் அடுப்பு எரியாத வீடுகள். அந்தக் குடும்பங்களின் கஞ்சிக்காக மாதர் அணிகள் ஆடின. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பால் வாங்க, ஆலைத் தொழிலாளிப் பெண்கள் பந்தை உதைத்தார்கள். காயம்பட்ட சிப்பாய்க்காக ஆடியபோது கைதட்டிய கனவான்களுக்கு, கதவடைக்கப்பட்ட தொழிலாளிக்காக ஆடியபோது முகம் சுளித்தது. பின்னால் வந்த தடைக்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சிலர் கருதுகிறார்கள்.

1921 டிசம்பர் 5. குடிசன் பார்க்கில் 53,000 பேர் கூடி ஓராண்டு நிறைவதற்கு மூன்று வாரம் இருந்தது. இலண்டனில் இங்கிலாந்துக் கால்பந்தாட்டச் சங்கத்தார் கூடினார்கள். ஆண்கள் மட்டுமே கொண்ட சங்கம். ஒரு தீர்மானம் போட்டார்கள். கால்பந்தாட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாதது, அதை ஊக்குவிக்கக் கூடாது என்றார்கள். வசூலிலே செலவுக்குப் போகும் பங்கு மிகுதி என்று குறையும் சொன்னார்கள். ஆகவே சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று முடித்தார்கள்.

பொருந்தாதாம்! பீரங்கிக் குண்டைத் தூக்கியபோது பொருந்திய உடல், தோல் பந்தை உதைக்கும்போது பொருந்தாமல் போயிற்று! மருந்து நிரப்பி மஞ்சள் பூத்த உடலுக்கு வராத ஆபத்து, பச்சைப் புல்வெளியில் ஓடினால் வந்துவிடுமாம்! செலவு மிகுதியாம்! ஒரு நாள் கூலியை இழந்து ஆட வரும் பெண்ணுக்குப் பத்து ஷில்லிங் கொடுத்தது அவர்கள் கண்ணை உறுத்திற்று. சுரங்க முதலாளி ஏப்ரலில் அடைத்தது ஒரு கதவு. ஆட்டச் சங்கத்தார் டிசம்பரில் அடைத்தது இன்னொரு கதவு. இரண்டுக்கும் தாழ்ப்பாள் ஒன்றுதான்.

நம்முடைய உத்திரமேரூரை நினைத்துப் பார்க்கிறோம். ஏறத்தாழ 921-ஆம் ஆண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலைத் தேர்தலுக்கான விதிகளை அங்கே கல்லிலே வெட்டினார்கள். நிலம் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; மறை கற்றிருக்க வேண்டும்; வயது 35-க்குக் குறையாமலும் 70-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். தேர்தல் முறை கண்டதற்காக அந்தக் கல்வெட்டைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அதே கல், நிலமற்றவனையும் மறை மறுக்கப்பட்டவனையும் வெளியே நிறுத்தியதையும் படிக்கிறோம். அவன் திறமைசாலியா இல்லையா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்கவே இடமில்லாமல் விதி செய்துவிட்டது. சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து இலண்டனில் எழுதியதும் அதே வகை விதிதான்.

விதி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். பெண்கள் பந்தாடுவது குற்றம் என்று சட்டம் வரவில்லை. சிறையில் போடவில்லை. மைதானத்தை மட்டும் மறுத்தார்கள். மைதானம் இல்லையென்றால் படிக்கட்டு இருக்கைகள் இல்லை. சுற்றுச் சுவர் இல்லை. சுவர் இல்லையேல் வாயில் இல்லை. வாயில் இல்லையேல் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லையேல் பணம் இல்லை. பணம் இல்லாத ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் வருவாரா? ஏடுகள் இடம் ஒதுக்குமா? ஐம்பதாயிரம் பேர் வர விரும்பினாலும், பூங்காவின் ஓரத்துப் புல்தரையில் எங்கே நிற்பார்கள்? மரத்தை வெட்டவில்லை ஐயா, வேருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தினார்கள். பட்டுப்போன பிறகு, பார்த்தீர்களா, இது காய்க்காத மரம் என்று கை நீட்டிக் காட்டினார்கள்!

பெரும்பாலான அணிகள் கலைந்தன. லில்லி பார் கலையவில்லை. 1922-இல் அணி அட்லாண்டிக் கடலைக் கடந்தது. கனடா நாட்டுச் சங்கமும் கதவை அடைத்தது. அமெரிக்காவிலோ எதிரே நிறுத்த மாதர் அணிகள் இல்லை. ஆண்கள் அணிகளையே எதிர்த்து ஆடினார்கள். வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு, ஓடி ஒளிந்தது மட்டும் இல்லை.

ஊர் திரும்பினால் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ஆலை கை மாறியது. நிர்வாகத்துக்கும் பிராங்க்லண்டுக்கும் மனக்கசப்பு வந்தது. 1926-இல் அணி ஆலையின் பெயரை இழந்து பிரஸ்டன் மாதர் அணி ஆயிற்று. லில்லி பார் அம்மையார் பிரஸ்டனுக்குப் பக்கத்தில் விட்டிங்காம் மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலைக்கு அமர்ந்தார். அங்கேதான் தம் வாழ்க்கைத் துணையான மேரியைச் சந்தித்தார். இருவரும் வீடு வாங்கிச் சேர்ந்து வாழ்ந்தார்கள்; ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி ஒளிந்து வாழவில்லை. பகலில் நோயாளிக்குப் பணிவிடை; ஓய்வு நாளில் பந்து. கூலி இல்லை, பட்டம் இல்லை, படக்காரர் கூட்டம் இல்லை. பூங்காவா, பூங்காவில் ஆடினார். கூட்டம் சுருங்கியது, இவர் உதையின் வேகம் சுருங்கவில்லை. 1951-இல் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 46. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆட்டம்! போட்ட கோல்கள் ஆயிரத்தை நெருங்கும் என்கிறார்கள். 1917 முதல் 1965-இல் கலையும் வரை அந்த அணி ஆடியவை 828 ஆட்டங்கள், வென்றவை 758, தோற்றவை 24 மட்டுமே.

இங்கிலாந்து மட்டுந்தானா? பிரேசில் நாடு 1941-இல் பெண்கள் ஆட்டத்தைச் சட்டத்தாலேயே தடுத்தது. 1979 வரை தடை. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955-இல் தடுத்தது, 1970-இல்தான் விட்டது. இங்கிலாந்திலே ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழிந்து, 1971-இல்தான் கதவு திறந்தது. லில்லி பார் அதைக் கண்ணால் கண்டார். ஆனால் அப்போது அவருக்கு வயது 66. புற்றுநோயோடு போராடி மார்பக அறுவை செய்துகொண்ட உடல். ஆட முடிந்த காலத்தில் மைதானம் தரவில்லை. மைதானம் தந்த காலத்தில் ஆட முடியவில்லை. 1978 மே 24-இல் மறைந்தார். சொந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸ் மண்ணிலே அடக்கம் செய்தார்கள்.

மாலை பிறகு வந்தது. 2002-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் புகழ் மண்டபத்தில் இடமளித்தது. அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் அவரே. 2019-இல் மான்செஸ்டர் நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்; அந்த நாட்டில் ஒரு கால்பந்து வீராங்கனைக்கு எழுந்த முதல் சிலை. நல்லது; வணங்குகிறோம். ஆனால் 1921-இல் சிலையா கேட்டார்கள்? மைதானம் அல்லவா கேட்டார்கள்!

இனி கணக்குக்கு வருவோம். பெண்கள் கழகங்கள் மோதிய ஆட்டத்தில் 53,000 என்ற அந்த எண்ணிக்கையை உலகம் தாண்ட 98 ஆண்டுகள் பிடித்தன; 2019 மார்ச்சில் மாட்ரிட் நகரில் 60,739 பேர் கூடினார்கள். தாண்டிய பிறகு வேகத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் பார்சிலோனாவில் 91,648 பேர்! அதே ஆண்டு ஜூலையில் இலண்டன் வெம்பிளியில் 87,192 பேர்! கதவு திறந்தது, கூட்டம் வந்தது.

ஆண்கள் ஆட்டத்துக்கு இன்னும் கூட்டம் மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. 2022-இல் நடந்த ஆண்கள் உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களை மைதானத்தில் கண்டவர்கள் 34 இலட்சம்; 2023-இல் நடந்த பெண்கள் உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களைக் கண்டவர்கள் ஏறத்தாழ 20 இலட்சம். உண்மைதான், குறைவுதான். ஆனால் ஆண்களின் உலகக் கோப்பை தொடங்கியது 1930-இல். பெண்களுக்கு உலகச் சங்கம் நடத்தும் கோப்பை பிறந்ததோ 1991-இல். ஒருவனை வெட்ட வெளியில் ஓடவிட்டு, இன்னொருத்தியின் காலை ஐம்பது ஆண்டு கட்டிவைத்து, அவிழ்த்துவிட்ட பின் ஏன் பின்னால் வருகிறாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நம் வீட்டுக் கதையையும் பார்ப்போம். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையைத் தூக்கி வந்தது. 2023-இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் தூக்கி வந்தது. மதுரை சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2025-இல் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை ஊரில் வெடி வெடித்தோம்? ஆண்கள் கிரிக்கெட்டில் யாரோ ஒருவர் கை விரலில் காயம் என்றால் நள்ளிரவில் கவலைப்படுகிற நாம், இந்தப் பெண்களின் பெயர்களையாவது அறிந்துகொண்டோமா?

இங்கிலாந்துச் சங்கத்தார் தீர்மானம் எழுதிக் கதவை அடைத்தார்கள். நாம் எழுதாமலே அடைக்கிறோம், வேறுபாடு அவ்வளவுதான். உத்திரமேரூர் வட்டாரத்துக் காவாந்தண்டலம் போன்ற ஊர்களைப் பாருங்கள். இங்கிருந்தெல்லாம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலைப் பேருந்து ஏறி வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு. அன்றைய பிரஸ்டன் பெண்களைப் போலவே ஷிப்டு பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். இரவு ஷிப்டுக்குப் பொருந்திய அந்தக் கால்கள் பந்துக்குப் பொருந்தாதா? ஊர்ப் பொதுத் திடல் மாலையானால் யாருடையது? பையன்களுடையது. அரைப் பாவாடை கட்டிய வயதில் அண்ணனோடு ஓடிய தங்கை, வயதுக்கு வந்ததும் திண்ணைக்குப் போகிறாள். பிறகு நாமே சொல்கிறோம், பெண் பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் ஆர்வம் இல்லை என்று!

பொங்கலுக்குப் பந்தயம் நடத்துகிறோம்; தலைவர்கள் பிறந்த நாளுக்கும் நடத்துகிறோம். பெண்களுக்குக் கோலமும் மியூசிக்கல் சேரும். ஆண்களுக்குக் கபடியும் கால்பந்தும்! யார் வகுத்த அட்டவணை இது? நாம் வகுத்தது. ஆகவே நாமே திருத்த முடியும். வரும் ஆண்டு பந்தயத்தில் பெண்கள் கால்பந்தாட்டம் இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு, ஆள் வருவதற்கு முன் ஆட வைத்து முடித்துவிட்டு, கூட்டமில்லை என்று கை விரிக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு, இறுதி ஆட்டத்துக்கு முன்னே, ஒலிபெருக்கி முழங்க, சுவரொட்டியில் ஆண்கள் அணியின் பெயருக்குச் சமமான எழுத்தில் பெயர் போட்டு ஆட வையுங்கள். வாரத்தில் மூன்று மாலை ஊர்த் திடல் பெண் பிள்ளைகளுக்கு என்று ஊராட்சியில் பேசி எழுதி வையுங்கள். உங்கள் மகளை, உங்கள் தங்கையை முதலில் அனுப்புங்கள். பிறகு அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

கூட்டம் வருமா என்று கேட்கிறீர்களா? முதல் நாள் நாம் போய் நிற்போம், தோழர்களே! அதுதான் கூட்டத்தின் தொடக்கம்.